ரெஃப்ரி செய்தது தப்பா, துரோகமா? ஃபுட்பால் வாக்குவாதத்தை ஒழுங்காகச் செய்யும் முறை

சென்னை வியாசர்பாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஃபுட்பால் போட்டிகளுக்கு லைன்ஸ்மேனாக, அதாவது ஓரக்கோட்டில் நிற்கும் துணை ரெஃப்ரியாக, கொடி பிடிக்கிறேன். ராத்திரி ஐரோப்பிய மேட்ச் பார்க்க எங்கள் மொட்டை மாடியில் கூடும் பசங்களோடும் உட்காருவேன். இரண்டு இடத்திலும் அடிக்கடி கேட்கிற சத்தம் ஒன்றுதான்: "காசு வாங்கிட்டான்ணா!" ரெஃப்ரியைக் கேள்வி கேட்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டும், நன்றாகவே கேட்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று பசங்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் குற்றச்சாட்டை இரண்டாகப் பிரியுங்கள். தப்பாகக் கொடுத்தார் என்பது ஒன்று, தெரிந்தே கொடுத்தார் என்பது இன்னொன்று. முதலாவதை வீடியோ வைத்து நிரூபிக்கலாம். இரண்டாவதற்கு வீடியோ போதாது. ஜெர்மனி ரெஃப்ரி ராபர்ட் ஹாய்சர் 2005-ல் மாட்டியபோது, சூதாட்டக் கும்பலுக்காக ஆட்டத்தைத் திருப்பியதை அவரே ஒப்புக்கொண்டார், சிறைத் தண்டனையும் கிடைத்தது. இத்தாலியில் 2006-ல் வெடித்த கால்சியோபோலி விவகாரம் (ரெஃப்ரி நியமனத்தில் கிளப்புகள் தலையிட்ட ஊழல்) தொலைபேசி ஒட்டுக்கேட்பில் வெளிவந்தது. யுவெண்டஸ் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது. வாக்குமூலம், பணம் போன தடம், போன் பேச்சு என்று அந்த ரகத்தில் ஏதாவது கையில் இருந்தால் துரோகம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் தப்பு என்பதோடு நிறுத்துங்கள்.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று உண்டு. கூட்டத்தின் சத்தம் விசிலை இழுக்கும். 2020-ல் கொரோனாவால் காலி ஸ்டேடியங்களில் ஆட்டங்கள் நடந்தபோது, வெளியூர் அணிகளுக்குக் கூடுதலாக விழும் மஞ்சள் அட்டைகள் குறைந்ததைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. யாரும் யாருக்கும் காசு கொடுக்கவில்லை, சத்தம் இல்லை, அவ்வளவுதான். ஆகவே "வீட்டு அணிக்குச் சாதகமா போச்சு" என்ற வாதத்துக்கு நிஜமாகவே அடிப்படை இருக்கிறது. அதை அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.

அடுத்து, எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று உங்களையே கேளுங்கள். நேரு ஸ்டேடியத்தில் நமக்கும் புல்தரைக்கும் நடுவில் ஓட்டப்பாதை வேறு இருக்கிறது. கோலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஆஃப்சைடு சொல்லவே முடியாது. ஆஃப்சைடு என்றால், பாஸ் கிளம்பும் நொடியில் ஃபார்வர்டு பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தின ஆளையும் தாண்டிக் கோல் பக்கம் நிற்பது. பாஸ் கிளம்பும் நொடியில் ஃபார்வர்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு லைன்ஸ்மேனைப் பாருங்கள். கோல்கீப்பரையும் சேர்த்து எண்ணினால் கடைசிக்கு முந்தின ஆளுக்கு நேராக அவர் நிற்கிறாரா?

இதை மைதானத்திலேயே செய்து பார்க்கலாம், நான் பசங்களை நிறுத்திக் காட்டுவேன். சுண்ணாம்புக் கோடு ஒன்றைக் குறுக்கே போடுங்கள். டச்லைனிலிருந்து (மைதானத்தின் ஓரக்கோடு) பத்து அடி தள்ளி ஒருவன் டிஃபென்டராக அந்தக் கோட்டில் நிற்கட்டும். நாற்பது அடி தள்ளி இன்னொருவன் ஃபார்வர்டாக அதே கோட்டில் நிற்கட்டும். நீங்கள் டச்லைனில் கோட்டுக்கு நேராக நின்றால் இருவரும் ஒரே வரிசையில் தெரிவார்கள். இப்போது கோல் பக்கமாக ஒரே ஒரு எட்டு நகருங்கள். ஃபார்வர்டு அசையவே இல்லை, ஆனால் ஆஃப்சைடில் நிற்பதுபோல் தெரிவான். அடுத்து கோட்டுக்கு மறுபக்கம், கோலை விட்டு விலகி ஒரு எட்டு வந்து பாருங்கள். இப்போது அவன் உண்மையிலேயே ஓரடி முன்னால் போய் நின்றாலும் உங்கள் கண்ணுக்குச் சரியாக நிற்பதாகவே தெரியும். லைன்ஸ்மேன்களின் ஆஃப்சைடு தப்புகளில் பெரும்பங்கு இந்தக் கோணத்தால் வருகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000-லேயே காட்டிவிட்டார்கள். வேகமாக ஓடும் விங்கரோடு ஓடிக்கொண்டே இந்த ஒரு எட்டைச் சரிசெய்வதுதான் கொடி பிடிப்பவனின் வேலை. லைன்ஸ்மேன் எத்தனை அடி தள்ளி நின்றார் என்று சொல்லி வாதாடுங்கள், அப்போதுதான் அது வாதம்.

டிவியில் பார்க்கிறவர்கள் பந்து காலைத் தொடும் முதல் நொடியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பந்து காலை விட்டுக் கிளம்பிய பிறகு நிறுத்தினால் கணக்கே மாறிவிடும். கை ஆஃப்சைடு கணக்கில் வராது. தலை, உடம்பு, கால் மட்டும்தான்.

ஃபவுலை முதலில் சாதாரண வேகத்தில் பாருங்கள். ஸ்லோ மோஷன் எங்கே பட்டது என்பதைக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் வேண்டுமென்றே செய்ததுபோலவும் காட்டும். அடி எவ்வளவு பலம் என்பது மெதுவாக ஓட்டினால் தெரியவே தெரியாது.

அப்புறம் விதியை வாசியுங்கள். நம் கூட்டத்தில் புழங்கும் பாதி விதி விதிப்புத்தகத்திலேயே இல்லை. "கடைசி ஆள்ணா, ரெட்!" என்பார்கள். கடைசி ஆள் என்று ஒரு விதி கிடையாது. தெளிவான கோல் வாய்ப்பை ஃபவுல் செய்து தடுத்தானா என்பதுதான் கேள்வி. கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போகிறது, பந்து அவன் வசம் வர வாய்ப்பு உண்டா, மற்ற டிஃபென்டர்கள் எங்கே, எத்தனை பேர் என்று நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெனால்டி பாக்ஸுக்குள் பந்துக்காக முயன்று செய்த ஃபவுல் என்றால் 2016 முதல் பெனால்டியோடு மஞ்சள்தான். ஹேண்ட்ஸும் அப்படித்தான். கையில் பட்டதெல்லாம் குற்றமில்லை. வேண்டுமென்று தொட்டானா, கையை விரித்து உடம்பை இயல்புக்கு மீறிப் பெரிதாக்கினானா என்று கேளுங்கள். கோல் போட்டவன் கையிலேயே பட்டு நேராக உள்ளே போனால் தெரியாமல் பட்டிருந்தாலும் கோல் செல்லாது. கை எங்கே ஆரம்பிக்கிறது? அக்குளின் அடிமட்டத்திலிருந்து. தோள் கணக்கில் இல்லை.

2023 மார்ச் 3-ம் தேதி பெங்களூரு ஆட்டத்தை இன்றைக்கும் எங்கள் மாடியில் பேசுகிறார்கள். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) நாக்அவுட், கூடுதல் நேரம். கேரளா பிளாஸ்டர்ஸ் சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி ஃப்ரீகிக்கைத் தட்டி உள்ளே போட்டுவிட்டார். பயிற்சியாளர் வுகோமனோவிச் அணியை வெளியே கூட்டிக்கொண்டு போனார். பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்கு 10 ஆட்டத் தடை. சேத்ரி செய்தது நியாயமா என்று ராத்திரி முழுக்க அடித்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு கேள்விதான் தீர்க்கும்: விசிலுக்குக் காத்திரு என்று ரெஃப்ரி சைகை காட்டினாரா? காட்டாவிட்டால் ஃப்ரீகிக்கை உடனே எடுப்பது அடிப்பவரின் உரிமை, விசில் தேவையே இல்லை. அட்டை காட்டவோ, காயத்தைப் பார்க்கவோ, சுவரைத் தள்ளி நிறுத்தவோ ரெஃப்ரி நிறுத்தினால்தான் விசில். அந்தச் சைகை எந்த நொடியில் வந்தது, வந்ததா என்று தேடுங்கள்.

2024-25 சீசன் வரை ஐஎஸ்எல் விஏஆர் (வீடியோ பார்த்து ரெஃப்ரிக்கு உதவும் முறை) இல்லாமலே ஓடியது. விஏஆர் இருக்கும் இடத்திலும், 2018-ல் விதிகளில் சேர்த்தபோது அதற்குக் கொடுத்த அளவுகோல் அப்பட்டமான தவறு என்பதுதான். "எனக்கு ஐம்பதுக்கு ஐம்பதாத் தெரியுது" என்றால் மைதானத்தில் கொடுத்ததே நிற்கும்.

இனி ஆட்டக்காரர்கள். இந்தப் பகுதியைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன்.

விழுந்தவனை உடனே நடிகன் என்று சொல்லாதீர்கள். முழு வேகத்தில் ஓடுகிறவனின் பின்னங்காலை லேசாகத் தட்டினால் போதும், அந்தக் கால் போய் அவனுடைய இன்னொரு கெண்டைக்காலிலேயே மோதும், தானாகவே சுருண்டு விழுவான். தட்டியது யார் கண்ணுக்கும் படாது. விழுவதற்கு முன் அவன் காலைப் பாருங்கள், முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அவன் எத்தனையாவது ஆட்டம் ஆடுகிறான் என்றும் பாருங்கள். 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டி வீரர் ரோட்ரி, ஆட்டங்கள் இப்படிக் கூடிக்கொண்டே போவதால் வீரர்கள் வேலைநிறுத்தத்தை நெருங்கிவிட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். சில நாளிலேயே ஆர்சனல் ஆட்டத்தில் முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்து அந்த சீசனின் பெரும்பகுதி அவருக்குப் போய்விட்டது. நம் ஊரில் அடுத்த வருடம் வந்த நெருக்கடி வேறு மாதிரி. 2025 ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டது, ஆகஸ்டில் நம் ஐஎஸ்எல் அணியான சென்னையின் எஃப்சி செயல்பாடுகளை நிறுத்துவதாக அறிவித்தது. அப்படி அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாதவனும் பெனால்டி அடிக்க நிற்பான்.

2021-ல் நடந்த யூரோ ஃபைனலில் பெனால்டி தவறிய இங்கிலாந்து வீரர் சாக்காவுக்கு 19 வயது. அதே ஆட்டத்தில் தவறவிட்ட ராஷ்போர்டு, சாஞ்சோவோடு சேர்த்து அவருக்கும் நிறத்தைச் சொல்லி வசை வந்து குவிந்தது. எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் சென்னை லீக்கில் ஆடுகிறான். ஒரு ஷூட்-அவுட்டில் அவன் அடித்தது வெளியே போனது. அன்று ராத்திரி அவன் போனுக்கு வந்ததையெல்லாம் அவன் அம்மா படித்துவிட்டார். மறுநாள் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது என்னிடம் கேட்டார்: "இதுல ஒருத்தராச்சும் எம்புள்ளைக்கு பூட்ஸ் வாங்கிக் குடுத்துருக்காங்களாண்ணா?"

அதனால் எங்கள் மாடியில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். பந்தை வைத்து அவன் என்ன செய்தான் என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அவன் வீடு, நிறம், ஊர், சாதி பேச்சில் வரக் கூடாது. அவனுடைய சமூக வலைதளப் பக்கத்தில் போய் எழுதவே கூடாது. ரெஃப்ரிக்கும் இதே கட்டுப்பாடுதான். ஸ்வீடன் ரெஃப்ரி ஆண்டர்ஸ் ஃபிரிஸ்க் 2005-ல் கொலை மிரட்டல் வந்து விசிலையே கீழே வைத்துவிட்டார்.

கடைசியாக, நீங்களே ஆடும் போட்டிகளில். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் ரெஃப்ரியே நினைத்தாலும் கொடுத்ததை மாற்ற முடியாது. ஆகவே பந்து நிற்கும் அந்தச் சில நொடியில் கேப்டன் மட்டும் போகட்டும், மற்றவர்கள் பத்தடி தள்ளி நிற்கட்டும். "என்ன சார் இது!" என்று கத்தினால் மஞ்சள் வரும். "எதுக்கு சார் ஹேண்ட்ஸ், கை எங்க இருந்துச்சு?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வரும். லைன்ஸ்மேன் நன்றாகப் பார்த்திருப்பார் என்று தோன்றினால் "லைன்ஸ்மேன ஒரு வாட்டி கேளுங்க சார்" என்று சொல்லுங்கள். அப்படிக் கேட்டு மாறிய தீர்ப்புகளை நான் கொடியோடு நின்று பார்த்திருக்கிறேன். ஆட்டம் முடிந்து கமிட்டிக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தால், ஃபவுலா இல்லையா என்ற சண்டையை எழுதாதீர்கள், அது ரெஃப்ரியின் கண் பார்த்தது, அது நிற்கும். இரண்டாவது மஞ்சள் காட்டியும் ஆளை வெளியே அனுப்பவில்லை என்பது மாதிரி விதியையே மீறியது இருந்தால் எழுதுங்கள். நிமிடம், ஜெர்சி நம்பர், எந்த விதி, இந்த மூன்றும் ஒரே தாளில் இருக்கட்டும்.