பொதுநல விளம்பரம்: எல்லையோர ஊர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காய்ச்சலுக்கு மலையாளத்தில் பனி என்று பெயர். நமக்கோ பனி என்பது மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பது. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், ஒரு மழைக்காலத்தில், 'எலிப்பனியைத் தடுப்போம், கொதிக்க வைத்த வெள்ளம் குடிப்போம்' என்று தமிழ் எழுத்தில் அச்சிட்ட தட்டி ஒன்றைப் பார்த்தேன். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழருக்கு இது புரிந்துவிடும். திண்டுக்கல்லிலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர், மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்று அறியாமல், வெள்ளத்தை எப்படிக் கொதிக்க வைப்பது என்றுதான் யோசிப்பார்.

மொழியை மாற்றாமல் எழுத்தை மட்டும் மாற்றுவதே எல்லையோரத்தில் நான் அதிகம் காணும் தவறு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ள இடம் தருகிறது. ஆனால் சட்டம் தரும் அந்த இடத்தைத் தட்டி எழுதுபவரின் அவசரம் பறித்துவிடுகிறது. மேலே சொன்ன தட்டியில் இன்னொரு குறையும் உண்டு. எலிக்காய்ச்சல் பெரும்பாலும் எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் இறங்கும்போது, தோலில் உள்ள புண்கள் வழியாகத் தொற்றுகிறது. 2018 பெருவெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் அந்நோய் பரவியபோது டாக்சிசைக்ளின் மாத்திரையைத் தடுப்பு மருந்தாக வழங்கியதும் அதனால்தான். ஆகவே, காலில் புண்ணோடு வயலில் இறங்க வேண்டாம், தடுப்பு மாத்திரைக்குச் சுகாதாரப் பணியாளரை அணுகுங்கள் என்ற இரண்டு வரிகளே அந்தத் தட்டியின் முதல் வரிகளாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது, காலம் மாறியும் குரல் மாறாதது. 1960களின் பிற்பகுதியில் குடும்பக் கட்டுப்பாட்டின் அடையாளமாகச் சிவப்பு முக்கோணம் வந்தபோது அது மிகச் சரியான விளம்பரம். 1971 கணக்கெடுப்பில்கூட நாட்டில் நூற்றுக்கு 34 பேருக்குத்தான் எழுத்தறிவு இருந்தது என்பதால், படிக்காமலே புரியும் ஓர் அடையாளம் தேவைப்பட்டது. நெருக்கடி நிலைக் காலத்தின் கட்டாயக் கருத்தடை அந்த அடையாளத்தின் மேல் அச்சத்தைப் பூசியது. 1977இல் 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயரே 'குடும்ப நலம்' என்று மாற வேண்டியதாயிற்று. இன்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. துணைச் சுகாதார நிலையச் சுவரில் 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற பழைய வாசகத்துக்கு மறுபடி வண்ணம் பூசுபவர் யாரிடம் பேசுகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

பயமுறுத்துவதோடு நின்றுவிடுவதும் தவறே. புகையிலைப் பொட்டலங்களில் படத்துடன் எச்சரிக்கை 2009இல் வந்தது. 2016இல் அது பொட்டலத்தின் 85 விழுக்காடு இடத்தைப் பிடித்தது. விட்டொழிக்க நினைப்பவர் அழைப்பதற்கான தொலைபேசி எண் சேர்ந்ததோ 2018இல்தான். படம் கையை நடுங்க வைக்கலாம். நடுங்கிய கை அழுத்த ஓர் எண் வேண்டாமா?

தொலைக்காட்சி அலைவரிசைக்கு இரு மாநில எல்லையான வாளையாற்றில் சோதனைச்சாவடி கிடையாது. தமிழ்நாட்டின் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு விளம்பரத்தைப் பாலக்காட்டின் சித்தூர் தாலுகாவில் பார்ப்பவரிடம் இருப்பது கேரள ரேஷன் அட்டை. அவர் நாட வேண்டியது காருண்யா காப்பீட்டுத் திட்டம், அழைக்க வேண்டியது கேரளத்தின் 'திசா' சுகாதார உதவி எண் 1056. எந்த மாநிலத்தவருக்கான திட்டம் என்பதை விளம்பரத்தின் தொடக்கத்திலேயே சொல்லாவிட்டால், மருத்துவமனை வாசலில்தான் அது அவருக்குத் தெரியவரும்.

அரசு விளம்பரங்களில் வரும் தலைவர்களின் படங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2015இலும் 2016இலும் பேசியாகிவிட்டது. முகம் பெரிதானால் செய்தி சிறுக்கும் என்பதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

இப்போது தட்டியைக் காட்டிலும் வேகமாகச் செல்வது வாட்ஸ்அப் படம். அதில் ஆண்டையும் தேதியையும் இடத்தையும் விடுவதுதான் புதிய தவறு. 'வரும் ஞாயிறு சொட்டு மருந்து' என்று மட்டும் போட்ட படம் மறு ஆண்டும் சுற்றி வரும். அதை நம்பிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போகும் தாய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவாள்.