கிளாட் தேர்வுக்குப் பணம் கட்டும் முன் தகுதியைச் சரிபார்ப்பது எப்படி?

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் நுழைவுத் தேர்வுதான் கிளாட். அதை எழுத உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று விண்ணப்பப் படிவம் சொல்லாது. கேட்ட விவரங்களை நிரப்பிப் பணம் கட்டினால் ஹால் டிக்கெட் வந்துவிடும், தேர்வும் எழுதலாம், ரேங்க்கும் வரும். மார்க் ஷீட்டையும் சாதிச் சான்றிதழையும் விரித்துவைத்துப் பார்ப்பது கல்லூரியில் சேரும்போதுதான். அங்கே அரை சதவீதம் குறைந்தாலும் நல்ல ரேங்க் இருந்தும் சீட் கிடைக்காது. அதனால் இந்தச் சரிபார்ப்பை நீங்களே முதலில் செய்துவிடுங்கள். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஒரு வெள்ளைத்தாள் போதும்.

படி 1: உங்களுக்கான தேர்வு இதுதானா?

கிளாட் யுஜி என்பது பிளஸ் டூ முடித்தவர்கள் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேர எழுதும் தேர்வு. கிளாட் பிஜி என்பது எல்எல்எம் என்ற சட்ட முதுகலைப் படிப்புக்கு. "நான் டிகிரி முடித்துவிட்டேன், அப்படியானால் பிஜி" என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். பிஜி எழுதச் சட்டப் பட்டம் வேண்டும். அதில் பொதுப் பிரிவுக்கும் ஓபிசிக்கும் (இதர பிற்படுத்தப்பட்டோர்) 50 சதவீதம், எஸ்சி, எஸ்டிக்கு 45 சதவீதம். பி.காம், பி.எஸ்சி முடித்தவர்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து யுஜி எழுதி ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம், அல்லது மூன்றாண்டு எல்எல்பிக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம்.

தமிழ்நாட்டு மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்குள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் சேர நுழைவுத் தேர்வே கிடையாது. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டுப் படிப்புக்கு டிகிரி மதிப்பெண். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாக விண்ணப்பித்தால் போதும். திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் பிற மாநிலத் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கும்தான் கிளாட். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இதில் சேராது. அதற்கு ஐலெட் என்ற தனித் தேர்வு.

படி 2: சதவீதத்தைக் கையால் கணக்கிடுங்கள்

கிளாட் யுஜிக்குப் பிளஸ் டூவில் 45 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 40 சதவீதம்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறு பாடம், மொத்தம் 600. ஆக 45 சதவீதம் என்றால் 270 மதிப்பெண், 40 சதவீதம் என்றால் 240. ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால் பாஸ், மொத்தம் 210. 210-க்கும் 270-க்கும் இடையில் இருப்பவர் பிளஸ் டூ பாஸ், ஆனால் பொதுப் பிரிவில் கிளாட் தகுதி இல்லை. "பாஸ் ஆகிவிட்டேனே" என்ற நம்பிக்கையில் பணம் கட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். பழைய 1200 மதிப்பெண் முறையில் படித்தவர்களுக்கு 45 சதவீதம் 540, 40 சதவீதம் 480. பிளஸ் ஒன் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

269 எடுத்தவரின் சதவீதம் 44.83. அதை 45 என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். ஒடிசா நீதித்துறைப் பணித் தேர்வு தொடர்பான வழக்கில் 44.93 சதவீதத்தைக்கூட 45 ஆக முழுமையாக்க முடியாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கால்குலேட்டரில் இரண்டு தசம இடம்வரை பாருங்கள், முழுமையாக்காதீர்கள்.

சிபிஎஸ்இ மாணவர்களுக்கு வேறொரு சிக்கல். அந்த மார்க் ஷீட்டில் மொத்தமும் சதவீதமும் அச்சாகாது. எந்தப் பாடங்களைச் சேர்ப்பது என்பதைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனமே முடிவு செய்யும். கூடுதலாக ஆறாவது பாடம் எடுத்தவர்கள் ஐந்து பாடத்துக்கும் ஆறு பாடத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். இரண்டிலும் 45 தாண்டினால் கவலையில்லை. ஒன்றில் மட்டும் தாண்டினால், நீங்கள் சேர நினைக்கும் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்ன பதில் சேர்க்கை மேசையில் செல்லாது.

படி 3: பிரிவு

அதிகக் குழப்பம் நடப்பது இங்கேதான். தெலங்கானா, ஆந்திரப் பிரதேசத்தின் லாசெட் என்ற மாநிலச் சட்ட நுழைவுத் தேர்வுகளில் ஓபிசிக்கு 42 சதவீதம் போதும். கிளாட்டில் அப்படி இல்லை. ஓபிசி, என்ஆர்ஐ எல்லாருக்கும் 45தான். எஸ்சி, எஸ்டிக்கு 40.

உங்கள் சாதிச் சான்றிதழில் பிசி அல்லது எம்பிசி என்று இருந்தால், அது அப்படியே மத்திய ஓபிசி ஆகிவிடாது. மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சமூகமும் மத்தியப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் கிரீமி லேயரில், அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதியான பிரிவில், வரவில்லை என்று தனிச் சான்றிதழ் வேண்டும், அதைத் தாலுகா அலுவலகம் வழியாக வாங்க நாளாகும். திருச்சியில் மாநில இடஒதுக்கீட்டுக்கு உங்கள் மாநிலச் சான்றிதழ் பயன்படும். வெளிமாநிலத்தில் ஓபிசி இடம் கேட்டால் மத்தியச் சான்றிதழ்தான் கேட்பார்கள். கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடக் குடும்பங்கள் தமிழ்நாட்டில் பிசி பட்டியலில் வருகின்றன. அந்த மாணவர்கள் 40 சதவீதச் சலுகையை நம்பி விண்ணப்பிக்கக் கூடாது.

படி 4: மற்றவை

வயதுக்கு உச்ச வரம்பு இல்லை. எந்த குரூப் எடுத்திருந்தாலும் சரி, அறிவியல், வணிகவியல், தொழிற்கல்வி எதுவும் தடையில்லை. தமிழ் வழியில் படித்ததும் தடையில்லை. ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும்தான். 120 கேள்வி, 2 மணி நேரம், தவறான விடைக்கு 0.25 குறையும். தகுதியைவிட இந்த வாசிப்பு வேகத்துக்குத்தான் தமிழ் வழி மாணவர்கள் முன்கூட்டியே தயாராக வேண்டும்.

இந்த ஆண்டுதான் பிளஸ் டூ எழுதப் போகிறீர்கள் என்றாலும் விண்ணப்பிக்கலாம். கிளாட் டிசம்பரில் நடக்கிறது (2026 சேர்க்கைக்கான தேர்வு 2025 டிசம்பர் 7 அன்று நடந்தது), பொதுத்தேர்வு அதற்குப் பிறகு. சேரும் நேரத்தில் தேர்ச்சிக்கும் சதவீதத்துக்கும் சான்று காட்ட முடியாவிட்டால் இடம் ரத்தாகும்.

படி 5: பெயர் ஒத்துப்போகிறதா?

மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக என்று இருப்பது நம் ஊரில் சகஜம். படிவத்தில் மார்க் ஷீட்டில் உள்ளபடி ஒவ்வொரு எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். ஆதாரில் வேறாக இருந்தால் அதைத் திருத்த இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஐந்தும் சரியாக இருந்தால் பணம் கட்டலாம். 2026 சேர்க்கைக்கான தேர்வுக்குக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், எஸ்சி, எஸ்டிக்கு 3,500 ஆக இருந்தது. பதிவுக்குக் கொடுக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும், பிரவுசிங் சென்டர்காரருடையதாக வேண்டாம். ரேங்க் வந்த பிறகு கவுன்சிலிங் அழைப்பு அந்த முகவரிக்குத்தான் வரும்.