வெண்பனி நாளில் பனி பெய்யுமா? சீனப் பருவக்குறிகளை நம்பிச் செய்யும் தவறுகள்

சீனப் பருவக்குறிகளில் ஒன்றான ‘லிச்சியூ’ என்றால் இலையுதிர்காலத் தொடக்கம். ஆகஸ்ட் 7 அல்லது 8-இல் வரும். பெயரை நம்பிக் கம்பளிச் சட்டையோடு அன்று பெய்ஜிங்கில் இறங்குகிறவர் வியர்வையில் குளிப்பார். பெய்ஜிங்கை எரிக்கும் வெயிலுக்கும் அந்தப் பெயருக்கும் சண்டை எதுவும் இல்லை. சூரியன் தன் வான்பாதையில் 135 பாகையை எட்டிவிட்டது என்பதை மட்டுமே லிச்சியூ சொல்கிறது. தெர்மாமீட்டரைப் பார்த்து யாரும் அதைக் குறிக்கவில்லை.

சீனாவின் 24 பருவக்குறிகளும் இப்படித்தான். சூரியன் 15 பாகை நகர்ந்தால் ஒரு குறி. கி.மு. 104-இல் நடைமுறைக்கு வந்த தாய்ச்சூ நாட்காட்டியில் இவை இடம்பெற்றன. 2016-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்ந்தன. இவற்றைச் சந்திர நாட்காட்டியின் பகுதி என்று எழுதுவது முதல் தவறு. நம் சித்திரை, வைகாசி போல இவையும் சூரியக் கணக்கு. அதனால்தான் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே ஆங்கிலத் தேதியில் வருகின்றன. சீன வானிலைத் துறைக்கு இலையுதிர்காலம் வேறு கணக்கு: ஐந்து நாள் சராசரி வெப்பம் 22 டிகிரிக்குக் கீழே நிலைக்க வேண்டும். பெய்ஜிங்கில் அது வழக்கமாகச் செப்டம்பரில்தான் நடக்கிறது.

பகல் இரவு வெப்ப வேறுபாட்டுக்கு வருவோம். பெருந்தவறு இங்கேதான் இருக்கிறது. ‘தாஷூ’, அதாவது பெருவெப்பம், ஜூலை 22, 23 வாக்கில் வருகிறது. வெப்பம் அதிகம் என்றால் பகலுக்கும் இரவுக்கும் இடைவெளியும் அதிகம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். நடப்பது நேர்மாறு. ஜூலையில் பெய்ஜிங்கின் பகல் சராசரியாக 31 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவு 23-ஐ ஒட்டி. வித்தியாசம் 8 டிகிரிதான். ஏப்ரலில் பகல் 21, இரவு 9 என்று அது 12 டிகிரியாக விரிகிறது. இதுவும் மாதச் சராசரிதான். காற்று அசையாத, மேகமில்லாத ஒரு நாளில் 15 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு.

காரணம் ஈரப்பதம். பகலில் வாங்கிய சூட்டை இரவில் நிலம் வெளியே விடுகிறது. ஜூலைக் காற்றில் நிறைந்திருக்கும் நீராவி அதில் பெரும்பகுதியைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும். வடசீனத்தின் வசந்தமோ வறண்டது. சூடு தடையின்றி வானுக்குப் போய்விடும். சென்னையில் புழுக்கமான இரவு ஒன்றைக் கழித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வசந்தத்தில் கனத்த உடையைச் சீக்கிரம் கழற்றாதே, இலையுதிர்காலத்தில் அவசரப்பட்டுப் போர்த்திக்கொள்ளாதே என்கிற சீனப் பழமொழிக்கும் வேர் இதில்தான். அதன் பின்பாதியைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்து நடுங்குகிறவர்கள் இன்னொரு பழமொழியை மறந்துவிடுகிறார்கள்: ‘வெண்பனியில் உடம்பைக் காட்டாதே, குளிர்பனியில் பாதத்தைக் காட்டாதே.’ இரண்டும் பருவக்குறிகள்தான். வெண்பனி, அதாவது ‘பைலூ’, செப்டம்பர் 7, 8 வாக்கில். குளிர்பனி அக்டோபர் 8 வாக்கில்.

இந்தக் குறிகளெல்லாம் வடக்கே மஞ்சள் ஆற்றுப் படுகையில் பிறந்தவை. தென்சீனத்தின் குவாங்சோவுக்கு அப்படியே கொண்டுபோனால் பொருந்தாது. அங்கே ஏப்ரலில் பகல் 26, இரவு 20. இடைவெளி சுமார் 6 டிகிரிதான். டிசம்பர் வறட்சியில் அது 9 டிகிரிக்கு ஏறுகிறது. வடக்கே வசந்தத்தில் உதடு வெடிக்கும். தெற்கே அதே வசந்தத்தில் சுவரிலும் தரையிலும் முத்து முத்தாக நீர் கோக்கும். ‘ஹுய்நான்தியன்’ என்று அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். துவைத்த துணி உலராது. காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்தால் ஈரம் இன்னும் கூடும்.

அடுத்த தவறுக்கு நம் மொழியும் உடந்தை. ‘பைலூ’வையும் ‘ஷுவாங்ஜியாங்’கையும் தமிழில் பனி என்றே எழுதிவிடுகிறோம். முதலாவது புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி, இரண்டாவது உறைந்த வெள்ளைப் படிகம். நீலகிரிக்காரர்கள் நீர்ப்பனி, உறைபனி என்று பிரித்துச் சொல்வார்கள், அதை எடுத்துக்கொள்ளலாம். அக்டோபர் 23 வாக்கில் வரும் ஷுவாங்ஜியாங்குக்கு ‘உறைபனி இறங்குதல்’ என்று பொருள். உண்மையில் எதுவும் இறங்குவதில்லை. உறைபனிப் பொழிவு என்று நம் செய்தித்தாள்கள் போடுவதும் இதே பிழைதான். நிலத்தை ஒட்டிய நீராவி, குளிர்ந்த இலையின் மேலேயே படிகமாகிறது. வானிலை நிலையத்தின் கருவியோ தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிழலில் இருக்கிறது. அது 3 டிகிரி காட்டும் விடியலில்கூட, அதே தோட்டத்து முட்டைக்கோஸ் இலையின் விளிம்பு வெள்ளையாக விறைத்திருக்கலாம். முன்னறிவிப்பில் பூஜ்யம் இல்லையே என்று செடிகளை மூடாமல் விடுகிறவர் காலையில் வருந்துவார்.

நள்ளிரவில்தான் குளிர் உச்சம் என்று நினைப்பதும் பிழை. சூரியன் எழும் வரை நிலம் சூட்டை இழந்துகொண்டே இருப்பதால், மிகக் குறைந்த வெப்பம் விடியலை ஒட்டித்தான் பதிவாகும். மிக அதிக வெப்பமும் உச்சிப்பொழுதில் வராது. இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி வரும்.

இந்தக் கணக்கையும் சீனாவின் மேற்கே திருத்த வேண்டும். ‘காலையில் தோல் அங்கி, நண்பகலில் மெல்லிய துணி, அடுப்பைச் சுற்றி அமர்ந்து தர்பூசணி’ என்று சிஞ்சியாங்கைப் பற்றிச் சொல்வார்கள். அங்குள்ள துர்ஃபானும் பெய்ஜிங் கடிகாரத்தையே பின்பற்றுகிறது. சூரியன் மட்டும் இரண்டு மணி நேரம் பின்தங்கி வருகிறது. செப்டம்பர் 23 வாக்கில் சம இரவு நாளன்று அங்கே விடிவது கடிகாரத்தில் எட்டு மணி சுமாருக்கு. ஏழரை மணிக்கு வெளியே கிளம்புகிறவர் அன்றைய குளிரின் அடிமட்டத்தில்தான் காலை வைக்கிறார். உச்ச வெப்பம் மாலை நான்கு, ஐந்து மணிக்குத்தான்.