அந்தச் சட்டை என்ன விலை? காவ்காவ் ஆங்கிலத் தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனாவில் பள்ளிப் படிப்பை முடித்த யாரிடம் வேண்டுமானாலும் "அந்தச் சட்டை என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்பது பவுண்டு பதினைந்து பென்ஸ்" என்று உடனே பதில் வரும். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவில், ஆங்கிலத் தாளின் கேட்டல் பகுதிக்கு மாதிரியாக அச்சிட்டிருக்கும் கேள்வி அது. கீழே மூன்று விடைகள்: 19.15, 9.18, 9.15. மூன்றாவதுதான் சரி என்றும் அங்கேயே போட்டிருக்கும். அதே சட்டை, அதே விலை, வருடா வருடம்.

அந்த மூன்று எண்களையும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். நைன், நைன்டீன். ஃபிஃப்டீன், எய்ட்டீன். அரைகுறையாகக் கேட்ட காது எங்கே வழுக்குமோ சரியாக அங்கேதான் மற்ற இரண்டு விடைகளையும் வைத்திருக்கிறார்கள். தாள் முழுக்க இதே வேலைதான் நடக்கப்போகிறது என்பதற்கு முதல் பக்கத்திலேயே கிடைக்கும் எச்சரிக்கை அது. பெரும்பாலான மாணவர்கள் அதை ஒரு சடங்காக நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

2024இல் காவ்காவுக்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், நேரம் 120 நிமிடம். தேசியத் தாள்களில் கேட்டலுக்கு 30, வாசித்தலுக்கு 50. ஆக, தாளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு திறன்களில்தான் இருக்கிறது. இந்த 80 மதிப்பெண்ணில் கைநழுவிப் போவதில் பெரும்பங்கு, சொல் தெரியாததால் போவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். தெரிந்த ஒரு சொல்லைக் கண்டதும் அதையே பிடித்துக்கொண்டு ஓடுவதால்தான் போகிறது.

பழக்கம் தொடங்குவது சொற்பட்டியலில். பாடத்திட்டம் எதிர்பார்ப்பது சுமார் 3000 சொற்கள். மாணவர்கள் அகர வரிசைப் பட்டியலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து உருப்போடத் தொடங்குகிறார்கள். அங்கே முதலில் நிற்கும் சொல் பெரும்பாலும் 'அபேண்டன்', கைவிடுதல். பலருக்கு அந்த ஒரு சொல் மட்டும் எந்நாளும் மறப்பதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே திரும்பத் தொடங்குகிறார்கள். ஒரு ஆங்கிலச் சொல், பக்கத்தில் ஒரு சீனப் பொருள். இப்படிச் சேர்த்த சொற்கள் தாளில் பார்த்தால் தெரியும், ஆனால் வாக்கியத்துக்குள் ஓடும்போதும் பேச்சில் வரும்போதும் பிடிபடாது. இதற்குச் சீனர்களே வைத்திருக்கும் பெயர் 'ஊமை ஆங்கிலம்'.

சரி, கேட்டல் பகுதிக்கு வருவோம். இருபது கேள்விகள், ஒன்றுக்கு 1.5 மதிப்பெண். முதலில் ஐந்து குட்டி உரையாடல்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். அப்புறம் வரும் ஐந்து நீளமான பகுதிகள் இரண்டு முறை ஒலிக்கும், அவற்றில் பதினைந்து கேள்விகள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20 நிமிடம்.

இங்கே முதல் தவறு, ஒலிப்பதிவு தொடங்கும்வரை சும்மா காத்திருப்பது. விதிகளையும் சட்டைக் கதையையும் படித்துச் சொல்லும் நேரத்தில் முதல் ஐந்து கேள்விகளையும் அவற்றின் விடைகளையும் பார்த்துவிடலாம். விடைகளைப் பார்த்தாலே, என்ன கேட்கப் போகிறார்கள் என்பது பாதி விளங்கிவிடும். மூன்றும் நேரமாக இருந்தால், காது நேரத்துக்காகக் காத்திருக்கும். மூன்றும் இடமாக இருந்தால், பேசுகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைத் தேடும். இந்தத் தயாரிப்பு இல்லாமல் கேட்பவருக்கு எல்லாச் சொல்லும் ஒரே எடையில் வந்து விழுகிறது.

இரண்டாவது, காதில் விழுந்த சொல் எந்த விடையில் இருக்கிறதோ அதற்கு வட்டம் போடுவது. இது எவ்வளவு பெரிய பள்ளம் என்பதற்கு நானே ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு பெண் அவசரப்படுகிறாள்: ரயில் ஏழரைக்கு. கூட வரும் ஆண் சொல்கிறான்: பதறாதே, இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. கேள்வி: இப்போது மணி என்ன? விடைகளில் 7.15, 7.30, 7.45 மூன்றும் இருக்கும். உரையாடலில் நேரடியாக ஒலித்தது ஏழரை மட்டும்தான், சரியான விடையான 7.15ஐ யாரும் உச்சரிக்கவே இல்லை. ஒருவர் ஒன்றைச் சொல்லி, 'பட்' என்று இழுத்து, அதை மாற்றிவிடும் உரையாடல்களும் இப்படித்தான். சினிமாவுக்குப் போகலாம் என்று தொடங்கி, நடுவில் மழை வந்து, கடைசியில் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். முதல் வரியிலேயே 'சினிமா'வைக் குறித்துவிட்டவர் மீதியைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம்.

சீன மாணவர்களுக்கென்றே சில குழிகளும் உண்டு. மாண்டரினில் ஓர் அசை உயிரொலியில் முடியும், இல்லாவிட்டால் ன், ங் போன்ற ஓரிரு ஒலிகளில் முடியும். வல்லொலியில் முடிவதில்லை. அந்தக் காது ஆங்கிலச் சொல்லின் வாலைத் தேடிப் பழகவில்லை. 'கேன்', 'கான்ட்' இரண்டுக்கும் நடுவில் நிற்பது அந்த மெல்லிய 'ட்' தான், அது விடுபட்டால் அர்த்தமே தலைகீழ். 'வொர்க்' எது, 'வொர்க்ட்' எது என்பதும் அப்படியே நழுவும். சீன வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப வடிவம் மாறுவதும் இல்லை என்பதால், அந்த வால் முக்கியம் என்ற உணர்வே தாமதமாகத்தான் வருகிறது. நாம் 'பஸ்'ஸை 'பஸ்ஸு' என்றும் 'புக்'கை 'புக்கு' என்றும் சொல்லி அந்தக் கடைசி மெய்யைக் காப்பாற்றிக்கொள்கிறோம், நமக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு.

அவன், அவள் இரண்டுக்கும் பேச்சில் சீனத்தில் ஒரே ஒலிதான், 'தா'. எழுத்தில் மட்டுமே வேறுபாடு. அதனால் நீளமான உரையாடலில் 'ஹீ', 'ஷீ' மாறி மாறி வரும்போது யார் என்ன செய்தார் என்ற கணக்கு குழம்பிவிடுகிறது. பெரிய எண்களிலும் சிக்கல் உண்டு. அவர்கள் பத்தாயிரத்தை ஓர் அலகாக, 'வான்' என்று எண்ணுகிறவர்கள். 'ஒன் பாயின்ட் த்ரீ மில்லியன்' என்று காதில் விழுந்ததும் அதை 130 வானாக மாற்ற மனம் ஓடும். லட்சத்தில் எண்ணும் நமக்கும் இந்தத் தடுமாற்றம் நன்றாகவே தெரியும். அந்த மாற்றலுக்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். எண்ணைக் கேட்டவுடன் இலக்கமாகத் தாளில் எழுதிவிட்டால் மாற்றவேண்டிய தேவையே இல்லை.

விட்டுப்போன ஒரு கேள்வியைப் பிடித்துத் தொங்குவது இன்னொன்று. முதல் ஐந்தில் ஒன்றைத் தவறவிட்டால் போனது 1.5. அதையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்ததும் போகும். ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

வீட்டுப் பயிற்சியில் நடக்கும் தவறுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. 'காதைத் தீட்டுதல்' என்று அவர்களிடம் ஒரு வழக்கு உண்டு, ஆங்கிலத்தைப் பின்னணியில் ஓடவிட்டுப் பழகுவது. சின்ன வயதில் அதற்குப் பலன் இருக்கலாம். தேர்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது, கணக்குப் போட்டுக்கொண்டே ஆங்கில ஒலிப்பதிவையும் ஓடவிடுவது இரண்டு வேலையையும் கெடுக்கிறது. இன்னொரு பக்கம், தினமும் ஒரு முழுத் தாளைக் கேட்டு, விடைகளைச் சரிபார்த்து, 20க்கு இத்தனை என்று எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறார்கள். இப்படிக் கேள்விகளாகத் தேய்த்துத் தள்ளுவதற்கு 'ஷுவா தி' என்று பெயர். எத்தனை தவறு என்பது இதில் தெரிந்துவிடும், காது எந்த இடத்தில் ஏமாந்தது என்பது தெரியாது. பாதி நேரத்தையாவது ஒரே ஒரு நிமிடப் பகுதிக்குக் கொடுத்துப் பார்க்கவேண்டும். எழுத்து வடிவத்தைத் திறக்காமல் வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை எழுதி, அப்புறம் அச்சோடு ஒப்பிட்டால், இரண்டு சொற்கள் ஒட்டி ஒலித்த இடத்தில் தான் மூன்றாவது ஒன்றைக் கேட்டிருப்பது தெரியவரும். மறுபடி அதே இடத்தைக் கேட்கும்போது காது திருந்துகிறது. எழுத்து வடிவத்தை முதலிலேயே பார்த்துவிட்டால் இந்தப் பலன் கிடைக்காது, கண் படித்ததைத்தான் காது கேட்டதாக நினைத்துக்கொள்ளும்.

வாசித்தலில் நான்கு பத்திகளுக்குப் பதினைந்து கேள்விகள், ஒன்றுக்கு 2.5. அதன்பின் ஐந்து இடைவெளிகளுக்கு ஏழு வாக்கியங்களிலிருந்து பொருத்தும் பகுதி, அதற்கு 12.5.

முதல் பத்தி பெரும்பாலும் விளம்பரமோ தகவல் அட்டையோ. 2023இன் தேசியத் தாள் ஒன்றில் ஆம்ஸ்டர்டாமில் வாடகைக்கு சைக்கிள் எடுப்பது பற்றி வந்தது, விலைப்பட்டியலோடு. இதைக் கதைபோல முதலிலிருந்து கடைசிவரை படிப்பது நேர விரயம். கேள்வியைப் பார்த்து, பட்டியலில் தேடி எடுத்துவிடலாம். கடைசிப் பத்திதான் கடினம், அங்கே கால் மணி நேரத்தைக் கொட்டுகிறார்கள். கடினமான கேள்விக்கும் 2.5, எளிய கேள்விக்கும் 2.5 என்பது நினைவில் இருந்தால், பின்னால் காத்திருக்கும் 40 மதிப்பெண் எழுத்துப் பகுதியின் நேரத்தை இங்கே கரைக்கமாட்டார்கள்.

அதே 2023 தாளின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். ஆங்கிலேயப் புள்ளியியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1907இல் வெளியிட்ட கட்டுரையில் தொடங்குகிறது: பலர் தனித்தனியாகச் சொல்லும் மதிப்பீடுகளின் சராசரி, சில சமயம் வியக்கத்தக்க அளவு சரியாக இருக்கும். 'கூட்டத்தின் அறிவு' என்று பின்னாளில் பெயர் பெற்ற கருத்து. ஒருவரையொருவர் பாதித்தால் பிழைகள் ஒரே பக்கம் சாய்ந்துவிடும் என்று அடுத்து விளக்குகிறது. இங்கே நிறுத்தியவர், தனியாக யோசிப்பது நல்லது, கலந்து பேசுவது கெடுதல் என்று முடிவுகட்டிவிடுவார். ஆனால் பத்தி அங்கே முடியவில்லை. சிறு குழுக்களாகப் பிரித்துப் பேசவிட்டபோது, அந்தக் குழுக்களின் சராசரி, அதே எண்ணிக்கையில் தனியாகச் சொன்னவர்களின் சராசரியைவிடத் துல்லியமாக இருந்தது என்று திருப்புகிறது. ஐந்து ஐந்து பேராக நான்கு குழுக்களின் மதிப்பீடு, தனியாகச் சொன்ன 20 பேரின் மதிப்பீட்டை வென்றுவிட்டது. தொடக்கத்தைப் படித்ததுமே கருத்து பிடிபட்டுவிட்டது என்று நம்பி மீதியை மேய்வதுதான் கட்டுரை வகைப் பத்திகளில் நடக்கும் மிகப்பெரிய தவறு. கால்டனைப் பற்றி ஏற்கெனவே எங்கோ படித்தவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல், பத்தியில் இல்லாததை நினைவிலிருந்து எடுத்து விடையாக்கிவிடுவார்.

நீண்ட வாக்கியங்களைத் தாய்மொழிக்கு மாற்றிக்கொண்டே படிப்பதும் வேகத்தைக் கொல்கிறது. இதைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையே இல்லை. 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்று நாம் அடைமொழியை முன்னால் வைக்கிறோம், சீனத்திலும் அப்படியே. ஆங்கிலத்தில் முதலில் புத்தகம் வருகிறது, அதைப் பற்றிய விவரமெல்லாம் பின்னால் தொங்குகிறது. வாக்கியம் முடிந்தபின் திரும்ப முன்னால் வந்து அடுக்கினால்தான் சீன வாக்கியம் கிடைக்கும். இந்தப் போய்வருதலை ஒவ்வொரு வரியிலும் செய்தால் நேரம் எப்படிப் போதும்? எழுவாய் எது, அதன் வினை எது என்று மட்டும் பிடித்துக்கொண்டு, விவரங்களை வந்த வரிசையிலேயே ஏற்றுக்கொண்டு முன்னால் போகப் பழகவேண்டும்.

தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்தான் அதிகம் கவிழ்க்கும். 'பழகிய சொல், பழகாத பொருள்' என்று சீன ஆசிரியர்கள் இதற்குத் தனியாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். 'அட்ரஸ்' என்றால் விலாசம், ஆனால் ஒரு பிரச்சினையை 'அட்ரஸ்' செய்தால் அதைக் கையாள்வது. 'புக்' அறையை முன்பதிவு செய்வதாகவும், 'நாவல்' புதுமையானது என்ற பொருளிலும் வரும். பட்டியலில் ஒரே பொருளோடு உருப்போட்டவர் இங்கே சந்தேகமே படுவதில்லை, தெரியாத சொல்லாக இருந்தாலாவது சுற்றியுள்ள வரிகளைப் பார்த்திருப்பார்.

ஏழில் ஐந்து பொருத்தும் பகுதியில் ஒரே சொல் இரு பக்கமும் இருப்பதைப் பார்த்து ஒட்டவைப்பது அதே பழைய பழக்கம். இடைவெளிக்குப் பிந்திய வாக்கியம் 'தே' என்றோ 'திஸ்' என்றோ தொடங்கினால், அது யாரை, எதைச் சுட்டுகிறது என்று கேட்கவேண்டும். முதல் இடைவெளியில் தவறு செய்தால் அந்த வாக்கியத்துக்கு உரிய இடமும் பறிபோகும், ஆகவே உறுதியானதை முதலில் நிரப்பிவிட்டு மற்றதற்கு வரலாம்.

பயிற்சியை முழுக்கக் கைபேசித் திரையிலேயே செய்வதையும் குறைக்கவேண்டும். 2024இன் தேசியத் தாள் ஒன்றின் மூன்றாவது பத்தியே இதைப் பற்றித்தான்: திரையில் படித்தாலும் காகிதத்தில் படித்தாலும் புரிதல் ஒன்றா? ஊகித்து அறியவேண்டிய கடினமான கேள்விகளுக்கு வரும்போது காகிதம் முந்துகிறது என்று அந்தப் பத்தி சொன்னது. தேர்வும் காகிதத்தில்தான்.

அப்புறம் தேர்வு நாள். ஆங்கிலம் பெரும்பாலான இடங்களில் ஜூன் 8 பிற்பகல் 3 மணிக்கு. மற்ற பாடங்களில் தொடங்கி 15 நிமிடம் வரை தாமதமாக வந்தவரை உள்ளே விடுவார்கள். ஆங்கிலத்தில் கேட்டல் முதலில் வருவதால், தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பே, அதாவது 2.45க்கே, கதவு மூடிவிடும். மற்றத் தாள்களின் நினைப்பில் ஐந்து நிமிடம் தாமதமாகலாம் என்று வந்தவர் வெளியேதான் நிற்கவேண்டும். தேர்வு மையங்களைச் சுற்றி வாகனங்கள் ஹாரன் அடிக்கக்கூடாது, கட்டட வேலைகள் நிறுத்தப்படும். ஊரே அந்த இருபது நிமிடத்துக்காக வாயை மூடிக்கொள்கிறது.

கேட்டல் முடிந்ததும் விடைத்தாளுக்கு மாற்ற இரண்டு நிமிடம் கொடுப்பார்கள். அதை வாசித்தலுக்குப் பயன்படுத்திவிட்டு, விடைகளைக் கடைசியில் மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் உண்டு. ஐந்து மணி நெருங்கும்போது கட்டுரையின் கடைசி வரியும் இருபது கட்டங்களும் ஒரே நேரத்தில் காத்திருக்கும். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்த கட்டத்தில் 2பி பென்சில் போனால், அங்கிருந்து எல்லாமே ஒரு வரிசை தள்ளிப்போகும். இரண்டு நிமிடத்தையும் அதற்கே கொடுத்து, இருபதாவது விடை இருபதாவது கட்டத்தில்தான் விழுந்திருக்கிறதா என்று பார்த்தபிறகு பக்கத்தைத் திருப்பினால் போதும்.