லேஸ் பூச்சியை அடையாளம் காண்பதில் நடக்கும் தவறுகள்

இலையின் அடிப்பக்கத்தில் 3, 4 மில்லிமீட்டர் நீளத்தில் தட்டையாக ஒரு பூச்சி, உடம்பு முழுக்கக் கண்ணாடி வலை. லென்ஸில் பார்த்ததும் இது ஏதோ அரிய இனம் என்றுதான் தோன்றும். ஆனால் லேஸ் பூச்சிகளின் குடும்பமான டிஞ்சிடேயில் 2,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, வலை எல்லாவற்றுக்கும் பொது. வலையைப் பார்த்துக் குடும்பத்தைச் சொல்லலாம், இனத்தைச் சொல்ல முடியாது.

குடும்பத்திலேயே தடுமாறுகிறவர்களும் உண்டு. பீஸ்மாட்டிடே என்ற வேறொரு குடும்பத்துப் பூச்சிகளின் மேலும் வலை போன்ற குழிகள் தெரியும். முதுகின் நடுவில் சின்ன முக்கோணத் தகடு வெளியே தெரிந்தால் அந்தப் பக்கம் சந்தேகப்படுங்கள். பெரும்பாலான லேஸ் பூச்சிகளில் முன்மார்புத் தகடு பின்னோக்கி நீண்டு அந்த முக்கோணத்தை மூடிவிடும்.

அடுத்தது நிறம். தோலுரித்து வெளிவந்த பூச்சி வெளுத்துப்போய் இருக்கும், கருக்க நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் எடுத்த படத்தை வைத்து 'வெள்ளை நிற இனம்' என்று எழுதினால் அந்தக் குறிப்பு யாருக்கும் உதவாது.

எண்ண வேண்டியது வலைக்கண்களை. முன்னிறக்கையின் வெளியோரப் பட்டையில் கண்கள் எத்தனை வரிசை என்பது முக்கியமான அடையாளம். பலர் 'மூன்று வரிசை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எந்த இடத்தில் மூன்று? அதே பட்டை அடியில் ஒரு வரிசையாகத் தொடங்கி, நடுவில் அகன்று, நுனியில் மறுபடி குறுகலாம். அகன்ற இடத்திலும் குறுகிய இடத்திலும் தனித்தனியே எண்ணுங்கள், இரண்டு இறக்கைகளிலும் எண்ணுங்கள். ஒரே பூச்சியில் இடமும் வலமும் கொஞ்சம் மாறுபடுவது சகஜம்.

அப்புறம் படம். எல்லோரும் மேலிருந்து மட்டும் எடுக்கிறார்கள். சில பேரினங்களில் தலைக்கு மேல் ஒரு குமிழ் கவிந்திருக்கும். அதன் உயரமும், முன்மார்பின் மேல் நெடுக்காக ஓடும் முகடுகளின் உயரமும் பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். உறிஞ்சுகுழல் படிந்திருக்கும் பள்ளத்தைப் பார்க்கப் பூச்சியைப் புரட்ட வேண்டும். இடுக்கியால் பிடித்தால் நான்கு கணு உணர்கொம்பில் நுனிக் கணு எளிதில் ஒடிந்துபோகும், ஈரத் தூரிகையே நல்லது.

சில இனங்களில் நீண்ட இறக்கை வடிவம், குட்டை இறக்கை வடிவம் இரண்டுமே உண்டு. ஒன்றிரண்டு மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு இனம் என்று பிரிப்பது அவசரம். இளம்பூச்சிகள் இன்னும் ஏமாற்றும். முழு இறக்கை கிடையாது, வலை கிடையாது, பலவற்றில் உடம்பெல்லாம் முள். ஒரே இலையில் தாயும் குஞ்சும் இருக்க, வேறு வேறு பூச்சி என்று எழுதிவிடுவார்கள்.

செடி விஷயத்தில்தான் பெரிய குளறுபடி. காற்றில் வந்து ஒட்டிய ஒரு பூச்சியை வைத்து அந்தச் செடியை அதன் உணவுச்செடி என்று முடிவு கட்டக்கூடாது. இலை மேலே வெளிர்ப்புள்ளிகள் இருப்பதும் போதாது, சிலந்திப்பேனும் தத்துப்பூச்சியும்கூட அப்படிச் செய்யும். அடிப்பக்கத்தில் கரும் எச்சப் புள்ளிகள், திசுவுக்குள் செருகிய முட்டைகள், கூடவே இளம்பூச்சிகள் இருக்க வேண்டும்.

'அரிது' என்ற சொல்லையும் யோசித்துத்தான் போட வேண்டும். லேஸ் பூச்சிகளில் அகாலிப்டா பேரினத்து இனங்கள் பாசிக்குள் வாழ்பவை, கோப்பியம் பேரினத்து இனங்கள் பூ மொட்டைப் புடைப்பாக மாற்றி அதற்குள் வளர்பவை. செடிகள் மேல் பூச்சி பிடிக்கும் வலையை மட்டும் வீசிவிட்டு இவை அரிது என்றால் எப்படி? மறுபக்கம், ஓரிடத்தில் இதுவரை பார்த்திராத பூச்சி புது வரவாகவும் இருக்கலாம். வட அமெரிக்க லேஸ் பூச்சியான கோரிதூக்கா சிலியாட்டா 1964இல் இத்தாலியில் தென்பட்டது, அதன் உறவான ஓக் மரத்து கோரிதூக்கா ஆர்க்குவாட்டா 2000இல். எனவே உள்ளூர்ப் பட்டியலோடு ஒப்பிட்டு நிறுத்திவிடாமல், வெளியிலிருந்து பரவும் இனங்களோடும் ஒப்பிடுங்கள். ஆண், பெண் இரண்டிலும் சில மாதிரிகளைச் சேர்த்து, தேதி, இடம், செடி, செடியின் எந்தப் பகுதி என்பதை அங்கேயே எழுதிவிடுங்கள்.