பழைய நைட்ரோ டிரக்குக்கு மின்சார மோட்டார்

இன்ஜின் செத்துப்போன 1/8 அளவு நைட்ரோ (நைட்ரோ எரிபொருளில் ஓடும்) ரிமோட் கண்ட்ரோல் மான்ஸ்டர் டிரக் மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். சேசிஸ், டிஃபரென்ஷியல், ஷாக், ஸ்டீயரிங் சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் குட்டி மோட்டார்) எல்லாம் அப்படியே உதவும். டேங்க், சைலன்சர், திராட்டில் சர்வோ மூன்றையும் கழற்றிவிடலாம். பிரேக்கையும் ரிவர்ஸையும் இஎஸ்சியே (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) பார்த்துக்கொள்ளும்.

மோட்டார் தாங்கிக்குத் தனியாகச் செலவழிக்காமல், 3 மி.மீ. தடிமனுள்ள அலுமினிய ஆங்கிள் துண்டில் நீள்துளை போட்டுக்கொள்ளுங்கள். பினியன் (மோட்டார் தண்டில் மாட்டும் சின்ன கியர்) பல்லும் அது சுழற்றும் பெரிய ஸ்பர் கியர் பல்லும் ஒரே அளவாக இருக்க வேண்டும்: மாட் 1 என்றால் இரண்டுமே மாட் 1. இரண்டுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து அழுத்தி, போல்ட்டை முறுக்கிய பின் உருவினால் இடைவெளி சரியாக அமையும்.

2000 கேவி மோட்டாரும் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று) 4 செல் லிப்போவும் (லித்தியம் பாலிமர் பேட்டரி, 14.8 வோல்ட்) சேர்ந்தால் நிமிடத்துக்குச் சுமார் 29,600 சுற்று, இந்த எடைக்குத் தாராளம். 6 செல் ஆசை வேண்டாம், பழைய கியர்கள் தாங்காது. சின்ன பினியனில் தொடங்குங்கள். ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு மோட்டாரில் விரல் வைக்க முடியவில்லையென்றால் இன்னும் பல்லைக் குறையுங்கள். சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இஎஸ்சி. அதில் லிப்போ கட்ஆஃப் (பேட்டரியின் வோல்ட் மிகவும் இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் வசதி) இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.