அமீரகத்துக்குக் குடும்பத்தோடு செல்வோருக்கு: சான்றிதழ், பள்ளி, அரபு மொழி

ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை கிடைத்துக் கணவரோ மனைவியோ முதலில் சென்றுவிட, சில மாதங்கள் கழித்துப் பிள்ளைகளோடு மற்றவர் போய்ச் சேர்வதே பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். அந்த இடைப்பட்ட மாதங்களில் ஊரில் இருப்பவர் செய்து முடிக்க வேண்டிய முதல் வேலை சான்றொப்பம் பெறுவது. திருமணச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் முதலில் மாநில அரசிடமும், அடுத்து இந்திய வெளியுறவு அமைச்சகத்திடமும், அதன்பின் அமீரகத் தூதரகத்திடமும் சான்றொப்பம் பெற்று, இறுதியாக அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையையும் பெற வேண்டும். விமானம் ஏறிய பிறகு இந்த வரிசையில் ஒன்று விடுபட்டது தெரியவந்தால், அசலை மீண்டும் ஊருக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று பெயரில் இருக்கிறது. தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தால் அமீரகத்தில் தொல்லை உண்டு. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வருகை விசா தருவதில் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. ஆகவே தந்தையின் பெயரை விரித்து எழுதி, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகிய மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்படி முன்கூட்டியே திருத்திக்கொள்வது நல்லது. குடும்பத்துக்கு விசா எடுப்பவரின் மாதச் சம்பளம் 4,000 திர்ஹமாகவோ, நிறுவனமே தங்குமிடம் தந்தால் 3,000 திர்ஹமாகவோ இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி.

அடுத்தது பள்ளி. வீட்டை முதலில் பிடித்துவிட்டு அருகில் பள்ளி தேடுவதைப் பலர் செய்கிறார்கள். அது தலைகீழான வரிசை என்பது என் உறுதியான கருத்து. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் இடம் கிடைப்பது எளிதன்று. வாடகை குறைவென்று ஷார்ஜாவில் குடியேறி, துபாய்ப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டால், காலை நெரிசலில் குழந்தை பேருந்திலேயே தூங்கி வழிந்துகொண்டு போக வேண்டியிருக்கும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள் ஆகஸ்ட் இறுதியில் திறக்கின்றன. ஏப்ரல் பள்ளிகளில் முதல் வகுப்பில் சேர மார்ச் 31 அன்று 6 வயது நிறைந்திருக்க வேண்டும். துபாயின் தனியார் பள்ளிகளைக் கே.எச்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு கண்காணிக்கிறது. அபுதாபியில் அடெக் அந்தப் பொறுப்பை வகிக்கிறது. இவற்றின் ஆய்வறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன. அறிக்கையின் மேலே இருக்கும் தரவரிசையை மட்டும் பார்க்காமல், அரபு மொழிக் கற்பித்தலைப் பற்றி உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள்.

பள்ளி உறுதியான பின் வீடு பார்க்கலாம். வாடகையைப் பின்தேதியிட்ட காசோலைகளாக முன்பே வாங்கிக்கொள்வது அங்கே பரவலான நடைமுறை. ஒப்பந்தத்தைத் துபாயில் 'இஜாரி' என்ற பதிவில் ஏற்றியாக வேண்டும்.

அரபு மொழியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாக வரும் பிள்ளை அதிகம் தடுமாறும் பாடம் அதுதான். அமீரகத்தின் தனியார் பள்ளிகளில் 1 முதல் 9ஆம் வகுப்பு வரை அரபு அல்லாத பிள்ளைகளும் அரபு படிப்பது கட்டாயம். ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ வந்து சேரும் பிள்ளை, உடன் படிப்பவர்கள் பத்தி பத்தியாக வாசிக்கும்போது எழுத்துகூட்டத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத்தைப் போல ஏற்கெனவே பழகிய பாடமல்ல இது. இந்த மனவலியைப் பெற்றோர் குறைத்து மதிப்பிடக் கூடாது. புறப்படுவதற்கு முன்பே 28 எழுத்துகளையும் கற்பிக்கத் தொடங்குங்கள். பெரும்பாலான எழுத்துகள் சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வடிவம் மாறும். வலமிருந்து இடமாக எழுதினாலும் எண்களை மட்டும் நம்மைப் போலவே இடமிருந்து வலமாக எழுதுவார்கள் என்பதைச் சொல்லிவைத்தால் கணக்குகளைப் பார்த்துக் குழம்ப மாட்டார்கள்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஒரு கைப்பிடி உண்டு. அசல், நகல், வசூல், பாக்கி, வக்கீல், இனாம் ஆகியவை அரபிலிருந்து நமக்கு வந்த சொற்கள். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது 'ஹாளிர்' என்று பதில் சொல்ல வேண்டும். நம் நீதிமன்றங்களில் வழங்கும் 'ஆஜர்' அதே சொல்தான். இலக்கணத்திலும் இப்படி ஒப்பிடலாம். 'அல்' என்னும் முன்னொட்டு சில எழுத்துகளுக்கு முன் திரிந்துவிடும்; அதனால்தான் 'அல்ஸலாமு' என்னாமல் 'அஸ்ஸலாமு' என்கிறார்கள். கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆவதைப் படித்த பிள்ளைக்கு இது விளங்காமல் போகாது. எழுது, எழுத்து, எழுத்தர் என்று நம்மிடம் கிளைப்பதைப் போல, அங்கே ஒரே வேரிலிருந்து நூலைக் குறிக்கும் 'கிதாப்', எழுதுபவரைக் குறிக்கும் 'காதிப்', அலுவலகத்தைக் குறிக்கும் 'மக்தப்', நூலகத்தைக் குறிக்கும் 'மக்தபா' ஆகியவை கிளைக்கின்றன. நம் முஸ்லிம்கள் அரபு எழுத்திலேயே தமிழை எழுதிப் பல நூல்களை ஆக்கியிருக்கிறார்கள். அந்த முறையில் பிள்ளை தன் பெயரை எழுதிப் பார்த்தால் எழுத்தின் மீதிருக்கும் அச்சம் குறையும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பள்ளியில் கற்பிப்பது ஃபுஸ்ஹா எனப்படும் எழுத்து வழக்கு. அமீரகத்தவர் வீட்டில் பேசுவது வேறு. பாடத்தில் 'மஸ்ஜித்' என்று படித்தது அவர்கள் பேச்சில் 'மஸ்யித்' என்று ஒலிக்கும். செந்தமிழையும் பேச்சுத்தமிழையும் ஒருங்கே பழகிய நமக்கு இந்த இரட்டை வழக்கு புதிதல்ல என்று பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஆங்கிலம், அரபு, இந்தி என்று மூன்று மொழிகள் பள்ளியிலேயே சேர்ந்துவிடும். தமிழை இரண்டாம் மொழியாகச் சில பள்ளிகளே வழங்குவதால், சேர்க்கையின்போதே அதைக் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் தமிழ் வாசிப்பும் எழுத்தும் வீட்டின் பொறுப்பாகிவிடும்.

வாரவிடுமுறை 2022 முதல் சனியும் ஞாயிறும், வெள்ளி அரைநாள். ஷார்ஜாவில் வெள்ளியும் முழு விடுமுறை. ரமலானில் பள்ளி நேரம் குறையும். நோன்பிருக்கும் தோழர்கள் முன் உண்பதைத் தவிர்க்கப் பிள்ளைக்குப் பழக்குவது மரியாதை. அனுமதியின்றி மற்றவர்களைப் படமெடுப்பதும், செய்திச் செயலிகளில் ஒருவரை இழிவாக எழுதுவதும் அங்கே தண்டனைக்குரிய குற்றங்கள். கைபேசி வைத்திருக்கும் பதின்வயதுப் பிள்ளையிடம் இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஏப்ரல் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை கல்வியாண்டின் நடுவில் வருகிறது. ஊருக்குப் போகும்போது அரபுப் பாடப்புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு மாதம் தொடாவிட்டால் எழுத்துகள் மறந்துவிடும். மகப்பேறோ பெரியவர்களின் உடல்நலமோ காரணமாக ஊரில் தங்க நேர்ந்தால் நாள்களை எண்ணிக்கொள்ளுங்கள்: தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் அமீரகத்துக்கு வெளியே இருந்தால் பொதுவாகக் குடியிருப்பு விசா செல்லாததாகிவிடும்.